ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம்: போன அன்றே திரும்புவதா, டென்ட் போட்டுத் தங்குவதா?

கேள்வி இது: "மினியாபொலிஸ் பக்கம் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஐந்து வயதும். ஸ்பிளிட் ராக் லைட்ஹவுஸை எல்லாரும் பார்க்கச் சொல்கிறார்கள். காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு திரும்பலாமா? இல்லை, அங்கேயே ஸ்டேட் பார்க்கில் டென்ட் போட்டுத் தங்குவது நல்லதா? இதுவரை கேம்பிங் போனதே இல்லை."

திரும்பலாம். போக மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், வர அதே அளவு. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்: மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து, விளக்கின் அடியில் நின்று நாலு படம் எடுத்து, கடையில் ஒரு காந்தம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது. என்னைக் கேட்டால் அது போகாததற்குச் சமம். அந்த விளக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கோபுரத்தின் உயரம் வெறும் 54 அடி; எண்கோண வடிவச் செங்கல் கட்டடம், அவ்வளவுதான். அது நிற்கும் பாறை சுமார் 130 அடிக்கு சுப்பீரியர் ஏரியிலிருந்து நெட்டுக்குத்தாக எழும்புகிறது. பாறையையும் விளக்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் கீழே, தண்ணீர் ஓரத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து பார்க்கச் சரியான நேரம் சாயங்காலம். சாயங்காலம் வரை அங்கே இருந்துவிட்டு, பிறகு மூன்று மணி நேரம் இருட்டில் வண்டி ஓட்டுவானேன்? அதனால்தான் ஒரு ராத்திரியாவது தங்குங்கள் என்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஒரே இடத்தில் இரண்டு நிர்வாகம் இருக்கிறது. கலங்கரை விளக்கம், காவலர் வீடுகள், அருங்காட்சியகம் ஆகியவை மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பு; உள்ளே போக ஆளுக்கு நுழைவுச்சீட்டு. அதைச் சுற்றியுள்ள காடு, கரை, கேம்ப் கிரவுண்ட் எல்லாம் மாநில இயற்கைவளத் துறையின் ஸ்டேட் பார்க். அதற்கு வண்டிக்கு ஒரு பெர்மிட். ஒரு நாளைக்கும் வாங்கலாம், வருஷத்துக்கும் வாங்கலாம். கிளம்பும் முன் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வருஷ பெர்மிட் மினசோட்டாவின் எல்லா ஸ்டேட் பார்க்குக்கும் செல்லும், அதனால் அதையே வாங்கிவிடுவது உத்தமம். ஒன்றுக்குக் கொடுத்த பணத்தில் மற்றதையும் பார்த்துவிடலாம் என்று எண்ணிப் போய் வாசலில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. டென்ட் இடத்துக்கான வாடகை இவை இரண்டுக்கும் மேலே தனி.

விளக்கு ஏன் அங்கே வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதில் பாதி வேலை முடிந்தது. 1905 நவம்பர் 28-ஆம் தேதி சுப்பீரியர் ஏரியில் அடித்த புயலைக் கப்பல்காரர்கள் 'மாட்டாஃபா புயல்' என்று இன்றும் சொல்கிறார்கள். மாட்டாஃபா என்ற சரக்குக் கப்பல் டுலூத் துறைமுக வாய்க்காலில் நுழையும்போது கரைச்சுவரில் மோதி, கரைக்கு மிக அருகே உடைந்து நின்றது. ஊரே கரையில் கூடி நின்றது. ராத்திரி முழுக்கத் தீ மூட்டிக் காத்திருந்தார்கள். படகு இறக்க முடியவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது ஒன்பது பேர் குளிரில் உறைந்து இறந்திருந்தார்கள். அந்த ஒரு புயலில் சேதமான கப்பல்கள் 29. உருக்கு ஆலைகளுக்கு இரும்புத் தாது ஏற்றிப்போன கம்பெனிக் கப்பல்கள் அதில் நிறைய. கம்பெனிக்காரர்கள் வாஷிங்டன் போய் நெருக்கினார்கள். 1907-இல் காங்கிரஸ் 75,000 டாலர் ஒதுக்கியது. மனித உயிருக்காகவா, தாதுக்காகவா என்று கேட்டால், பணம் கிடைத்தது தாது முதலாளிகள் வாய் திறந்த பிறகுதான் என்பது என் எண்ணம்.

ஸ்பிளிட் ராக்கின் மடியிலேயே அன்று இன்னொரு கப்பல் போயிற்று. மடீரா என்ற 436 அடி நீளச் சரக்குக் கப்பல். சொந்த எஞ்சின் கிடையாது, வில்லியம் ஈடன்பார்ன் என்ற நீராவிக் கப்பல் வடம் கட்டி இழுத்துப்போனது. புயலில் இரண்டும் பிரிந்தன. மடீரா விளக்கிலிருந்து கொஞ்சம் வடகிழக்கே உள்ள கோல்டு ராக் பாறையில் போய் மோதி, மோதி, உடைந்தது. ஃபிரெட் பென்சன் என்ற மாலுமி கையில் கயிற்றோடு கப்பலிலிருந்து பாறைக்குத் தாவி, அலை அடிக்கும் செங்குத்துப் பாறையில் ஏறி, மேலிருந்து கயிற்றை விட்டு மற்றவர்களை ஏற்றினார். பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். இறந்தது முதன்மை அதிகாரி ஒருவர்தான். மடீராவின் உடைந்த பாகங்கள் இன்னும் அந்தப் பாறையடியில் தண்ணீருக்குள் கிடக்கின்றன. கோடையில் அங்கே முத்துக்குளிப்பவர்கள் மாதிரி உடுப்பு மாட்டிக்கொண்டு இறங்குபவர்களைப் பார்க்கலாம். நமக்கு அந்தப் பாறையின் மேலே நடந்து போய் எட்டிப் பார்ப்பதே போதும். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் கிடையாது.

1909-இல் வேலை தொடங்கியபோது அங்கே சாலையே இல்லை. செங்கல், சிமென்ட், கண்ணாடி, சாப்பாடு, ஆட்கள் எல்லாமே கப்பலில் வந்து, பாறை விளிம்பில் நட்ட நீராவிப் பளுதூக்கியால் மேலே ஏற்றப்பட்டன. 1910 ஜூலை 31-ஆம் தேதி விளக்கு ஏறியது. சாலை அந்தப் பக்கம் வந்தது 1924-இல்தான். அதுவரை காவலர்களுக்கு ஏரியே வழி. விளக்கு ஏற்றிய அதே ஆண்டு அக்டோபரில், தபால் எடுத்துவரப் பாய்மரப் படகில் பீவர் பே ஊருக்குக் கிளம்பிய உதவிக் காவலர் இருவர் ஏரியோடு போனார்கள். வரிசையாக ஒரே அச்சில் மூன்று செங்கல் வீடுகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். தலைமைக் காவலருக்கு ஒன்று, உதவியாளர் இருவருக்கும் ஒவ்வொன்று. ஒரு வீட்டுக்குள் அந்தக் காலத்து அடுப்பு, மேசை, கட்டில் எல்லாம் வைத்து, காவலர் உடுப்பில் ஓர் ஆள் நின்று பதில் சொல்வார். கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள். அவர்களுக்கு நிறையத் தெரியும், கேட்பவர்கள்தான் குறைவு.

கோபுரத்துக்குள் ஏறினால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த வில்லை. பாரீஸில் செய்து வந்த மூன்றாம் ஆர்டர் (அது அளவு வகை, தரம் அல்ல) ஃபிரெனல் வில்லை. இரண்டு பெரிய கண்ணாடிச் சிப்பிகளை முதுகு வெளியே தெரிய எதிரெதிராக ஒட்டிவைத்ததுபோல இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டகங்கள். நடுவில் எரிந்தது மண்ணெண்ணெய் ஆவி விளக்கு. நம் பெட்ரோமாக்ஸ் எப்படி வேலை செய்யுமோ அதே முறைதான், காற்றழுத்தம், மேன்டில் எல்லாம் உண்டு. அந்த வெளிச்சத்தைச் சிதறவிடாமல் இரண்டு கற்றையாகக் கட்டி அனுப்புவது வில்லையின் வேலை. வில்லை ஒரு சுற்றுச் சுற்ற 20 விநாடி, கற்றை இரண்டு. ஆகவே கப்பலில் இருப்பவனுக்குப் பத்து விநாடிக்கு ஒருமுறை மின்னும். பத்து விநாடி என்றால் அது ஸ்பிளிட் ராக், வேறில்லை என்று மாலுமிக்குத் தெரியும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், பிடித்துப்போகும்.

சுற்றவைத்தது மின்சாரம் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இருப்பதுபோலப் பளு தொங்கும் பொறி. கோபுரத்தின் நடுவே கம்பிவடத்தில் பளு மெதுவாக இறங்கும், பல்சக்கரங்கள் சுழலும், வில்லை திரும்பும். சில டன் கனமுள்ள அந்த அமைப்பு பாதரசத் தொட்டியில் மிதப்பதால் உராய்வே இல்லாமல் விரலால் தள்ளினாலும் நகரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து சாவி கொடுத்துப் பளுவை மேலே ஏற்ற வேண்டும். ராத்திரி முழுக்க. பகலில் வேறொரு தொல்லை: வெயில் வில்லை வழியாக உள்நோக்கிக் குவிந்தால் விளக்கையே எரித்துவிடும் என்பதால் திரை இழுத்துவிடுவார்கள். 1940-இல் மின்சாரம் வந்து 1,000 வாட் பல்பு மாட்டியபிறகுதான் மண்ணெண்ணெய் வேலை ஓய்ந்தது. வெளிச்சம் தெரியும் என்று ஏட்டில் எழுதிய தூரம் 22 மைல். 60 மைல் தள்ளி கிராண்ட் மரே பக்கத்து மீனவர்கள் கண்டதாகச் சொல்வார்கள். ரேடாரும் ரேடியோவும் வந்தபின் தேவை போய், 1969-இல் கடலோரக் காவல்படை விளக்கை அணைத்துவிட்டது.

சரி, கீழே இறங்கும் சங்கதிக்கு வருவோம், உங்கள் அம்மாவின் முழங்காலும் இதில்தான் வருகிறது. பார்வையாளர் மையத்திலிருந்து விளக்கு வரை தளம் போட்ட பாதை, கிட்டத்தட்டச் சமதரை, அம்மா தாராளமாக வரலாம். காவலர் வீட்டையும் பார்த்துவிடலாம். கோபுரத்துக்குள் சுருள் படி உண்டு. படிகள் அதிகமில்லை, ஆனால் குறுகல். முடியாவிட்டால் கீழே நிற்கட்டும். விளக்கிலிருந்து ஏரிக்கு இறங்கும் மரப்படிக்கட்டு மட்டும் அவருக்கு வேண்டாம். சுமார் 170 படி. இறங்கும்போது தெரியாது, ஏறும்போது இளவட்டங்களே நடுவில் நின்று 'காட்சி ரசிக்கிறார்கள்'. அதற்கு வழி இருக்கிறது: வண்டியை எடுத்துக்கொண்டு பார்க்கின் பிக்னிக் பகுதிக்கு வந்துவிடுங்கள். லிட்டில் டூ ஹார்பர்ஸ் என்று பெயர். முன்பு நார்வேக்கார மீனவர்கள் குடியிருந்த கரை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூழாங்கல் கரைக்குச் சின்ன நடைதான். அங்கிருந்து வடகிழக்கே திரும்பினால் நாட்காட்டிகளில் பார்த்த அந்தக் காட்சி அப்படியே நிற்கும். கூழாங்கல்லில் கால் புரளும், அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப்போங்கள்.

கோடையில் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து வந்து பாறை முகத்தில் நேராக விழும், அப்போது சாம்பல் பாறை துருநிறமாக மாறும். காலையில் சூரியன் விளக்குக்குப் பின்னால் இருப்பதால் கருத்த நிழலாகத்தான் தெரியும். இலையுதிர்காலக் கடைசியில் சூரியன் தெற்கே தள்ளி எழுவதால் காலை வெயிலும் முகத்தில் அடிக்கும். படம் எடுக்கிற ஆசை இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

டென்ட் போட இரண்டு விதமான இடம் இருக்கிறது. பழைய கேம்ப் கிரவுண்டில் வண்டி இடம் வரை போகாது. வண்டியை நிறுத்திவிட்டு, அங்கே இருக்கும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் மூட்டை முடிச்சை ஏற்றி, மரங்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போக வேண்டும். கிட்டத்து இடம் இரண்டு நிமிஷ நடை, தள்ளியுள்ளது பத்து நிமிஷம். இதில் ஏரி தெரியும் இடங்கள் உண்டு. பக்கத்து டென்ட்டின் பாட்டு காதில் விழாத இடங்களும் உண்டு. அண்மையில் திறந்த ஷிப்ரெக் கிரீக் கேம்ப் கிரவுண்டில் வண்டி இடம் வரை போகும், மின் இணைப்பும் உண்டு. முதல்முறை, சின்னப் பிள்ளைகள், கூடவே அம்மா என்றால் ஷிப்ரெக் கிரீக்தான் சரி. தள்ளுவண்டி இடத்தின் சுகம் வேறு, மறுக்கவில்லை. அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வேஷன் 120 நாளுக்கு முன்பு திறக்கும். ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளும், இலை நிறம் மாறும் செப்டம்பர் கடைசி வாரமும் திறந்த சூட்டோடு போய்விடும். அன்று காலையிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால் தினமும் எட்டிப் பாருங்கள், ரத்து செய்பவர்கள் உண்டு. வார நாளில் போக முடிந்தால் இந்தப் பாடே வேண்டாம். அம்மாவால் தரையில் படுத்தெழ முடியாது என்றால் மடக்குக் கட்டில் ஒன்று வாங்கிவிடுங்கள். அதுவும் சரிப்படாது என்றால் அவரையும் ஒரு பிள்ளையையும் டூ ஹார்பர்ஸ் ஊரில் ஒரு மோட்டலில் விடுவது தப்பே இல்லை. அங்கிருந்து இருபது மைல்தான்.

அந்த ஏரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 82,000 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். அவ்வளவு தண்ணீரும் கோடை முழுக்கச் சூடாவதே இல்லை. மினியாபொலிஸில் வியர்த்து வழியும் ஜூலை நாளில் டுலூத் குன்று இறங்கியதும் ஏசி போட்டதுபோல் காற்று மாறும். டுலூத் வானொலியில் வானிலை சொல்லும்போது 'ஏரியோரம் குளிர்ச்சி' என்பது பல்லவி மாதிரி வரும். வடகிழக்குக் காற்று கிளம்பினால் ஆகஸ்டிலும் ராத்திரி பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும். ஆகவே ஒவ்வொருவருக்கும் கம்பளிச் சட்டை, குல்லா, அம்மாவுக்குச் சால்வை மேல் சால்வை. டென்ட்டுக்குள் அடியில் விரிக்கும் மெத்தை மேலே போர்த்துவதைவிட முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைக்கட்டும், நீச்சல் வேண்டாம். அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், நன்றாக நீந்துபவர்களுக்கும்.

ஜூன் மாதம் கருப்பு ஈக்கடி, கொசுக்கடி இரண்டும் உச்சம். முதல் கேம்பிங்கிலேயே அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். என் ஓட்டு ஆகஸ்ட் பின்பாதிக்கு.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் பூச்சி விறகில் ஏறி ஊர்விட்டு ஊர் பரவுகிறது என்பதால் அங்கீகரித்த விறகை அங்கேயே வாங்க வேண்டும். கரடிகள் உண்டு, கருங்கரடி; மனிதனைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். ராத்திரி எல்லா உணவையும், பற்பசை உட்பட, வண்டிக்குள் பூட்டிவிடுங்கள். டென்ட்டுக்குள் முறுக்கு டப்பா கூடாது, இது அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம். சமையலைச் சுருக்குங்கள்: வறுத்துத் தாளித்த ரவை கொண்டுபோனால் கொதிநீர் ஊற்றினால் உப்புமா, புளிக்காய்ச்சல் இருந்தால் ஒரு குக்கர் சாதம் போதும். குளிர்க்காற்றில் சின்ன கேஸ் அடுப்பு திணறும், காற்று மறைப்புத் தகடு எடுத்துப்போங்கள்.

கரையில் கிடக்கும் கல்லைப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்வார்கள். ஸ்டேட் பார்க்கிலிருந்து கல், பூ, இலை எதையும் எடுத்துவரக் கூடாது. கிளம்பும்போது பைகளைத் தட்டிப் பாருங்கள். கல் என்றதும் ஒரு கிளைக்கதை. பார்க்கில் கொரண்டம் பாயின்ட் என்று ஒரு முனை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்கே கிடைக்கும் கல்லை கொரண்டம், அதாவது வைரத்துக்கு அடுத்த கடினமான கனிமம், உப்புத்தாள் செய்யலாம் என்று நம்பித் தோண்டினார்கள். தோண்டியது அனார்த்தோசைட் என்ற மென்மையான வேறு கல். இதே கரையில் இதே தவறை நம்பி 1902-இல் டூ ஹார்பர்ஸில் தொடங்கிய இன்னொரு கம்பெனிதான், இன்று உங்கள் பக்கத்து மேப்பிள்வுட்டில் தலைமையகம் வைத்திருக்கும் 3எம். சுரங்கம் தோற்று, கம்பெனி பிழைத்தது. எட்டு வயதுக்காரரை அந்த முனை வரை நடத்திப்போங்கள், கதை சொல்ல வசதியாக இருக்கும். டே ஹில் என்ற குன்றும் அப்படித்தான், ஏற்றம் லேசு. உச்சியில் வீடே இல்லாமல் ஒரு கல் கணப்பு மட்டும் நிற்கும்.

நவம்பர் 10-ஆம் தேதி போகலாமே என்றும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 1975-இல் அந்த நாளில்தான் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தாதுக் கப்பல் இதே ஏரியில் 29 பேரோடு மூழ்கியது. ஒவ்வொரு வருஷமும் அன்று சாயங்காலம் விளக்கின் அடியில் கூடி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மணி அடித்து, பிறகு விளக்கை ஏற்றுகிறார்கள். சாதாரண நாட்களில் இருட்டியபின் அந்த விளக்கு சுற்றுவதைப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் நவம்பர் ஏரிக்காற்றில் ஐந்து வயதுக் குழந்தையோடும் முழங்கால் வலியோடும் டென்ட் என்ற பேச்சே வேண்டாம். அதற்கு மோட்டல் போட்டுத் தனியாக ஒருமுறை போங்கள்.

போகும் வழியில் ஆறேழு மைல் முன்னால் கூஸ்பெரி அருவி வரும். அங்கே நிறுத்தக் கட்டணம் இல்லை, அருவி வரை தளம் போட்ட பாதை, கழிப்பறை சுத்தம். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டு, மூன்று மணி வாக்கில் விளக்குக்குப் போய், அது மூடியதும் டென்ட் அடித்துவிட்டு, ஆறரைக்குக் கூழாங்கல் கரைக்கு வாருங்கள். மறுநாள் மடீரா பாறை, டே ஹில், கிளம்பல். திரும்பும்போது டூ ஹார்பர்ஸ் துறைமுகத்தில் எட்னா ஜி. என்ற இழுவைப் படகு நிற்கும், 1896-இல் கட்டியது. 1905-இல் மடீராவில் பிழைத்தவர்களைப் பாறையிலிருந்து ஏற்றிவந்தது அதுதான். பிள்ளைகளுக்கு முந்தின நாள் பென்சன் கதையைச் சொல்லியிருந்தால் வண்டியை விட்டு அவர்களே முதலில் இறங்குவார்கள்.